வேண்டாத நாத்தனாருக்கு ஒரு சிபாரிசு

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அவர் கால் பிரேக்கை மிதிக்கும். திரையில் யாரோ யாரையோ காரில் துரத்துவார்கள். இங்கே தரையில் விரித்த பாய் சுருங்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். அந்த ஒன்றை நம்பிப் பாதி ஆயுளை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கும்பிடுகிற தெய்வம் எதுவாக இருந்தாலும், வண்டியை நிறுத்தியது அவருடைய கால்தான். ரோட்டில் குறுக்கே வந்த நாய்களில் பல இன்றைக்கும் உயிரோடு திரிவதற்கு அந்தக் காலே காரணம். ஊர் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் சரியாக ஓட்டுவதில்லை என்பது அவர் கருத்து.

அவரை அண்ணி என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான், தம்பி மனைவி.

நாத்தனார் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. கல்யாணத்துக்கு முன் அவளுடைய அம்மாவும் எச்சரித்துத்தான் அனுப்பினாள். "மாமியார் இல்லாத வீடுன்னு குதிக்காதே. நாத்தனார் மாடியிலேயே இருக்கா." அவளும் வாயைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன போட்டுக்கொண்டு வந்தாய் என்று கேட்கவில்லை, என்ன சமைக்கத் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"வண்டி ஓட்டுவியா?"

"தெரியாதுங்க அண்ணி."

"அப்ப காலைல சீக்கிரம் எந்திரி. இவன் ஓட்டி உன்னைக் கூட்டிட்டுப் போவான்னு நெனச்சுக்கிட்டு வந்திருந்தா, அந்த நெனப்பை இப்பவே விட்டுரு. கிளட்சைப் பாத்தாலே இவனுக்கு வியர்க்கும்."

புது மருமகள் அந்த வீட்டில் முதலில் கற்றுக்கொண்டது ரிவர்ஸ் எடுப்பது. அடுப்பைப் பற்றவைக்கப் பழகியது அதற்குப் பிறகு.

இத்தனை வயது வரை அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்குத் தெருவில் ஒரு கதை இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கத் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்தவர் என்பது அந்தக் கதை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அக்காவுக்கு இந்தக் கதையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. யாரும் கேக்கல, நானும் கேக்கல. கட்டில்ல குறுக்கால படுத்துத் தூங்கிப் பழகிட்டேன்." ஆனால் தியாகம் என்று ஒருமுறை பட்டம் கொடுத்துவிட்டால் ஊர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

கட்டிலில் நேராகப் படுக்கவைக்க ஒருவர் வந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. வெளிநாட்டில் பல்செட் செய்கிற தொழிலில் இருந்தவர். அச்செடுத்து, மெழுகில் வார்த்து, பிறர் வாய்க்குச் சிரிப்பு செய்து கொடுப்பது அவர் வேலை. விடுமுறைக்குத் தன் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், சும்மா இருக்கிற நேரத்தில் கார் கற்றுக்கொள்ளலாமே என்று டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அவர் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு எரியப்போகிறது என்று தோன்றினாலே நின்றுவிடுவார். அக்கா முதல்முறையாகத் தன் தொழிலில் கால் சும்மா இருப்பதை உணர்ந்தார். அந்த சுகம் அவருக்குப் புதிது.

"அவருக்கு ஓட்டத் தெரியாது," என்றார் தம்பி மனைவியிடம். "ஆனா நிறுத்தத் தெரியும். இந்த வயசுல அது போதும்."

லைசென்ஸ் கிடைக்கவில்லை, கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பல்செட்காரர் தன் வேலைக்குத் திரும்பினார். மனைவி பின்னால் போக வேண்டிய விசாவும் வந்தது. விசா வந்த கையோடு நோய் வந்தது. உலகம் கதவைச் சாத்திக்கொண்டது.

நோய்க்காலத்துச் சட்டங்களில் மிக விசித்திரமானது இது: நாட்டை விட்டு யாரும் போகக் கூடாது. ஏனென்றால் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். வரும்போது நோயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். திரும்பி வரவே மாட்டேன் என்று நிரூபிக்கிறவர்கள் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். அதாவது நாட்டின் மேல் பாசம் உள்ளவன் உள்ளே கிடக்க வேண்டும். பாசமே இல்லை என்று சான்று கொடுப்பவனை வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். அக்காவின் விசாவில், அந்த நாட்டுக்குள் நுழையக் கடைசி நாள் ஒன்று குறித்திருந்தது. அது தாண்டிவிட்டால் புது விசா வாங்க வேண்டும். புது விசா கொடுக்கிற ஜன்னலை அந்த நாடு மூடிவிட்டது. எப்போது திறக்கும் என்று கேட்டால் பல்செட்காரர் உதட்டைப் பிதுக்கினார். வீடியோவில் அவருக்குப் பின்னால் அலமாரியில் வரிசையாகப் பல்செட்டுகள் இளித்துக்கொண்டிருந்தன.

"உங்க வீட்டுக்காரர் சிரிக்கலைன்னாலும் பின்னாடி எல்லாரும் சிரிக்கிறாங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"சிரிக்கட்டும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள இவரு தனக்கே ஒண்ணு செஞ்சுக்கணும் போலருக்கு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்று பாத்திரம் துலக்கும்போது ஒரே டம்ளரை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பி மனைவி அதைப் பார்த்தாள்.

அவளுக்கும் அந்த நாட்களில் வேறு கவலைகள் இருந்தன. குடிநீர் அலுவலகத்தில் புகார் எண்ணில் போன் எடுப்பது அவள் வேலை. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்தும் கலங்கலாக வந்தவர்கள், வந்தது நிற்காதவர்கள் எல்லாரும் அவளைத்தான் திட்டுவார்கள். அவள் குரலை ஒரு இம்மி உயர்த்தாமல் "உங்க புகார் பதிவாயிடுச்சுங்க" என்பாள். அலுவலகம் மூடியதும் அந்தத் திட்டு அத்தனையும் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறியது. ஒரு அறையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. இன்னொன்றில் மருந்துக்கடையிலிருந்து வந்த கணவன் தனியாக இருந்தாக வேண்டும். நாள் முழுக்க இருமுகிறவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு வருகிறவன் அல்லவா. ஆகவே ஒரு பக்கம் குக்கர் விசிலடிக்க, ஒரு பக்கம் யாரோ நீர்க்கசிவைப் பற்றி அழ, நடுவில் அவள். மாடியில் அண்ணியின் அறையில் ஜன்னலும் காற்றும் ஒரு பெரிய மேசையும் இருந்தன. அந்த மேசையை அவள் நினைக்காத நாளில்லை. நினைத்ததை வெளியே சொன்னதும் இல்லை.

வெளியேற அனுமதி கேட்டுப் போடும் விண்ணப்பத்தோடு தெரிந்தவர்களிடம் கடிதம் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பதாரரின் நிலையை விளக்கினால் போதும் என்றிருந்தது. நம் ஆட்களிடம் ஒருவருக்காக அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள்? புகழ்ந்துதான் எழுதுவார்கள். வேறு விதமாக எழுத யாருக்குத் தெரியும்?

தலைமையாசிரியர் மதில் மேல் பேப்பர் வைத்து எழுதினார். எங்கள் தெருவின் ஈடு செய்ய முடியாத சொத்து என்று ஆரம்பித்து, இவர் இல்லாத தெரு தெருவே அல்ல என்று முடித்தார். டிரைவிங் ஸ்கூல் முதலாளி மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார்: அவர் உட்கார்ந்த இருக்கையில் வேறு யாரையும் உட்காரவைக்க எனக்கு மனம் வராது; அவர் என்று வந்தாலும் வேலை காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் சிகரம் தம்பி எழுதியது. அதை அவன் மூன்று தரம் நகலெடுத்தான். "என் அக்காவுக்கு இந்த வீட்டுக் கதவு எந்நாளும் திறந்தே இருக்கும். மாடி அறை அவர் வைத்தது வைத்தபடி இருக்கும். சாவி அவர் கையிலேயே இருக்கும். இது என் வாக்கு." படித்துக் காட்டும்போது அவன் குரல் தழுதழுத்தது. அக்காவும் மூக்கைத் துடைத்தார். தம்பி மனைவிக்குக்கூடக் கண் கலங்கியது. அதோடு அந்தப் பெரிய மேசையும் கண்முன் வந்து போனது.

பதில் வந்தது. சுருக்கமான பதில். விண்ணப்பதாரர் நிரந்தரமாக வெளியேறுகிறார் என்பதற்குச் சான்றில்லை. வசிப்பிடம், வேலை இரண்டையும் கைவசம் வைத்திருப்பதாக அவர் இணைத்த கடிதங்களே கூறுகின்றன. ஆகவே அனுமதி இல்லை. கடைசியாக ஒரு வரி: புதிய சான்றுகளுடன் ஒருமுறை மறுவிண்ணப்பம் செய்யலாம்.

அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார். மேசைக்குக் கீழே அவர் கால் தரையை மிதித்தது.

"என்ன எழுத்துப் பிழையா?" என்றார் தலைமையாசிரியர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"எழுத்துல ஒரு பிழையும் இல்ல சார்," என்றாள் தம்பி மனைவி. "பாசம் கொஞ்சம் தூக்கலாயிடுச்சு."

சலூனும் டிரைவிங் ஸ்கூலும் அத்தியாவசியம் இல்லை என்று இழுத்து மூடியது இதே அரசாங்கம்தான். இவர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது யாருக்கும் தேவைப்படவில்லை. போகிறேன் என்றதும் நாட்டுக்குத் தேவைப்பட்டுவிட்டார்.

மறுவிண்ணப்பத்துக்கு எல்லாரும் திருப்பி எழுத வேண்டும். இவர் எங்களுக்கு வேண்டாம் என்று. தலைமையாசிரியர் இரண்டு நாள் முயன்றுவிட்டுத் தோற்றார். "இகழ்ந்து எழுதற பழக்கம் கைக்கு வரலம்மா. பசங்க மார்க் ஷீட்லகூட 'முயன்றால் முன்னேறுவான்'னுதான் போடுவேன்." அவரை விட்டுவிட்டார்கள். முதலாளி வேறு ஆளை வேலைக்கு எடுத்துவிட்டதாக எழுதச் சம்மதித்தார். ஆனால் பொய் எழுதி வழக்கமில்லாதவர். எழுதுவதற்காகவே நிஜமாக ஒரு ஆளை எடுத்தார். மூடிக்கிடந்த டிரைவிங் ஸ்கூலில் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்து வீட்டிலேயே இருந்தார். டிரைவிங் ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டிருந்த தன் சொந்தக் காரை அக்கா தம்பி மனைவி பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். கூரையில் இருந்த போர்டைக் கழற்றினார்கள். இரண்டாவது பிரேக்கைக் கழற்ற மெக்கானிக் ஷாப் திறந்திருக்கவில்லை.

மிச்சம் இருந்தது வீடு.

தம்பி எழுத உட்கார்ந்தான். அக்கா போன பிறகு கதவு மூடப்படும் என்று எழுதினான். பேனா நின்றது. கொஞ்சம் யோசித்து, 'ஆனாலும்' என்று எழுதினான். கிழித்துப் போட்டான். மறுபடி எழுதினான், மறுபடியும் ஒரு 'ஆனாலும்' வந்து நின்றது. குப்பைக் கூடையில் ஆனாலும்கள் நிறைந்தன.

"என்னங்க, நீங்க கவர்மென்ட்டுக்கு எழுதறீங்களா, கடவுளுக்கு எழுதறீங்களா?"

"கை வரமாட்டேங்குது. கூடப் பொறந்தவளைப் பாத்து வராதேன்னு எப்படி எழுதறது? மாடிக்குப் போய் அக்காவையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

"அக்காவைப் போகச் சொல்லி எழுதறதுக்கு அக்காவையே கேக்கணுமா?"

அவன் மாடி ஏறினான். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஏறுவான். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாம் முதலில் மாடிக்குப் போய் முடிவாகி, பிறகு கீழே செய்தியாக வரும். அவள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு அவன் விட்டுப்போன பேனாவை எடுத்து, உட்காராமலேயே எழுதி முடித்தாள்.

"நான் இந்த வீட்டு மருமகள். என் கணவரின் அக்கா மாடி அறையில் இருக்கிறார். அவர் போனதும் அந்த அறை எனக்கு வேண்டும். என் அலுவலக வேலைக்கு இடமில்லை. அவர் திரும்பி வந்தால் தங்க இங்கே இடம் கிடையாது. இதை என் கணவர் எழுத மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்."

அக்கா கீழே வந்து அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நெஜமாவே ரூம் வேணுமா உனக்கு?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆனால் பேனா பிடித்த வேகம் இன்னும் கையில் இருந்தது. "வேணும்தான் அண்ணி. ஆறு மாசமா அந்த மேசை மேல ஒரு கண்ணு. அதுக்காக நீங்க போகணும்னு இல்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"கேட்டிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல."

இந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். அவர்கள் இருவருக்கும் புரிந்தது.

மறுவிண்ணப்பம் போனது. ஒரு மதியம், புகார் அழைப்புகளுக்கு நடுவே அவளுடைய சொந்த போன் அடித்தது. அனுமதிப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி. கடிதத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். அக்கா துணி உலர்த்தக் கொடியைத் தேடி அப்போதுதான் படி இறங்கிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி கையைக் காட்டினாள். அவர் வாளியோடு படியிலேயே நின்றுவிட்டார். ஒரு வார்த்தை பிசகினால் எல்லாம் போச்சு என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் தொண்டையைச் செருமினாள். நாள் முழுக்க அடுத்தவர் திட்டை வாங்கி விழுங்குகிறவள் முதல்முறையாகத் திட்டுகிற பக்கத்தில் நின்றாள்.

"நீங்கதான் எழுதினீங்களா? யாரும் சொல்லி எழுதல இல்ல?"

"யாரும் சொல்லல. இந்த வீட்ல என்னைக் கேட்டு எதுவும் நடக்கறது இல்ல. இது ஒண்ணாவது நானா செஞ்சேன்."

"அவங்க திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா வாசலோட போகச் சொல்லுவேன்."

"பிரச்சினை ஏதாவது இருக்கா உங்களுக்குள்ள?"

என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். "இருக்கறதெல்லாம் பிரச்சினைதாங்க. ஈரத் துண்டைக் கதவு மேல போடுவாங்க. நான் வெங்காயம் நறுக்குனா பக்கத்துல நின்னுக்கிட்டு 'மெதுவா, மெதுவா'ம்பாங்க. கத்திக்கும் பிரேக் போடற ஆளு. நான் லைசென்ஸ் வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பக்கத்துல உக்காந்தா கால் மிதிச்சுக்கிட்டே இருக்கும்." படியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்காமலேயே அடுத்தது வந்தது.

"என் வீட்டுக்காரருக்கு எதுன்னாலும் முதல்ல மாடிதான். எனக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னப்பகூட, பண்ணிக்கறியான்னு என்னைக் கேக்கறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய்க் கேட்டுட்டு வந்தாரு. நல்ல பதில்தான் கொண்டு வந்தாரு. ஆனா வயிறு என்னோடது."

அவள் நிறுத்தினாள். படியில் சிரிப்பு இல்லை.

"எங்க வீட்லயும் இதே கதைதாங்க," என்றார் அதிகாரி, அலுவலகக் குரலை எங்கோ வைத்துவிட்டு. "எங்க வீட்ல மாடி இல்ல, பக்கத்துத் தெரு. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு அலுவலகக் குரலை மறுபடி எடுத்துக்கொண்டு, "சரிங்க, குறிச்சுக்கிட்டேன்" என்றார். அந்தத் தொனி தம்பி மனைவிக்குத் தெரிந்ததுதான். உங்க புகார் பதிவாயிடுச்சுங்க.

போனை வைத்த பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிக்குப் போய், துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுவிட்டு வந்தார். ஈரத் துண்டையும் கொடியிலேயே போட்டார்.

"எது நெஜம், எது நடிப்புன்னு பிரிச்சுச் சொல்லு."

"வரக் கூடாதுன்னு சொன்னது மட்டும் பொய் அண்ணி."

அக்கா தலையாட்டினார். "ஆபரேஷன் விஷயம் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டுட்டுத்தான் மேல வந்தான்னு நெனச்சேன்."

"தெரியும். உங்க மேல தப்பு இல்ல."

"இருக்கு. அவன் மேல ஏறும்போதெல்லாம் நான் கீழ போடான்னு சொல்லியிருக்கணும். பிரேக் போட வேண்டிய எடத்துல போடல."

சாப்பிட நேரமாகியிருந்தது. அக்கா வெங்காயம் நறுக்கினார். தம்பி மனைவி பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்றாள்.

அனுமதி வந்தது. விசாவின் கடைசி நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடக் கூடிய விமானம் ஒன்றும் கிடைத்தது. தம்பி சந்தோஷத்தில் வாயடைத்துப் போனான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாயடைத்தது நிஜம்.

விமான நிலையத்துக்குப் பயணியோடு ஒருவர் மட்டுமே போகலாம் என்று விதி. கார் தம்பி மனைவி பெயரில் இருந்தது, ஓட்டத் தெரிந்தவளும் அவள்தான். தம்பி கேட் வரை வந்தான். கையில் ஒரு பை நிறைய மாத்திரைகள். தலைவலிக்கு, வயிற்று வலிக்கு, சளிக்கு, வாந்திக்கு, பெயர் வைக்காத நோய்களுக்கும்கூட ஏதோ ஒன்று. மருந்துக்கடைக்காரன் பாசம் அட்டை அட்டையாகத்தான் வரும். தலைமையாசிரியர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"அக்கா, நம்ம வீட்டுக் கதவு…" என்று ஆரம்பித்தான் தம்பி.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க," என்றாள் மனைவி காரை ஸ்டார்ட் செய்துகொண்டே. "விமானம் மேல ஏறட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திறந்து வச்சுக்கங்க."

கடைகள் மூடிய தெருக்கள் வழியாகக் கார் போனது. அக்கா வழக்கம்போல் பக்கத்து சீட்டில், வழக்கமான பிரேக்குக்கு நேராக. முதல் சிக்னலுக்கு முன் அவர் கால் அசைவதைத் தம்பி மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டாவது சிக்னலில் வண்டி அவள் நினைத்ததற்கு முன்பாகவே நின்றது.

"அண்ணி."

"பழக்கம்மா. என்ன பண்ணச் சொல்றே?"

"இந்த வண்டி இப்ப என் பேர்ல இருக்கு."

அக்கா செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சீட் பெல்ட் கழுத்தை இறுக்கியது, சரிசெய்துகொண்டார். இத்தனை வருடத்தில் அந்தக் காரில் அவர் கால் தரையைத் தொடாமல் இருந்தது அன்றுதான். பாலத்தின் இறக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பியது. தம்பி மனைவி பிரேக்கை மிதித்தாள். பக்கத்தில் ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது, கால் இறங்கவில்லை. வண்டி லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

"கொஞ்சம் முன்னாடி மிதிச்சிருக்கலாம்," என்றார் அக்கா சிறிது நேரம் கழித்து.

"பதிவாயிடுச்சுங்க."

இறங்கும்போது கட்டிப்பிடிக்கத் தடை இருந்தது. இரண்டு முகக்கவசங்களுக்கு மேல் நாலு கண்கள் மட்டும். அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவு வரை போனார், திரும்பி வந்தார்.

"மேசையை ஜன்னலுக்கு நேரா போடாதே. மத்தியானம் வெயில் கண்ணுல அடிக்கும்."

அதைச் சொல்லத்தான் திரும்பி வந்தார் என்று நம்புவதே இருவருக்கும் வசதியாக இருந்தது.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டாள் தம்பி மனைவி. கட்டிலும் அலமாரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. சாத்தியிருந்த அலமாரியை அவள் திறக்கவில்லை. விமானம் ஏறிய செய்தி வந்ததும் தம்பி தன் அக்காவுக்குக் கதவைப் பற்றி ஒரு முழுப் பக்கம் அனுப்பினான். அதில் ஆனாலும்கள் எத்தனை என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பல்செட்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. அலமாரிக்கு முன்னால் அக்கா. பின்னால் எல்லாரும் இளித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை முன்னால் இருந்தவரும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மதியம், வடக்குத் தெருவில் தண்ணீர் வராத ஒருவர் அவள் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கணவன். கடையிலிருந்து நேராக வந்திருந்தான். வாசலில் நின்றவன் "அக்கா" என்று பாதி சொல்லிவிட்டான். மேசைக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கீழே போவதா, உள்ளே வருவதா என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் அழைப்பை முடித்தாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல," என்றான். பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "கடைக்குப் பெரிய ஃபிரிட்ஜ் ஒண்ணு போட்டா என்னன்னு பாத்தேன். பக்கத்துக் கடையையும் சேத்து எடுத்து, நடுச் சுவரை இடிச்சு, அப்படியே ஒரு லேபும் வச்சுட்டா…"

அவன் பேச்சு வேகம் பிடித்தது. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே அவள் கால் தானாக எழுந்து, மெதுவாகத் தரையை மிதித்தது.